எங்க காலேஜ் ரிசர்ச் அவுட்புட்டை எப்படி எண்றது? டீன் ஒரே ஒரு நம்பர் கேக்கறார்

நூலகர்_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல லைப்ரரியனா இருக்கேன். போன வாரம் டீன் கூப்பிட்டு, கடைசி 5 வருஷத்துல நம்ம காலேஜ் மொத்தம் எத்தனை ரிசர்ச் பேப்பர் போட்டிருக்கு, பக்கத்துல இருக்கற சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் எத்தனை போட்டிருக்கு, கம்பேர் பண்ணி ஒரு பக்கத்துல குடுங்கன்னு சொல்லிட்டார். ஈஸின்னு நெனச்சு ஸ்கோபஸ்ல (ரிசர்ச் பேப்பர் தேடற டேட்டாபேஸ்) காலேஜ் பேரைப் போட்டேன், 412 வந்துது. அப்புறம் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் லிஸ்ட் வாங்கிக் கூட்டினா 703. எது சரின்னே தெரியல, ரெண்டையும் எக்ஸெல்ல பக்கத்துல பக்கத்துல வச்சு ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து பாத்தா ஒரே பேப்பர் மெடிசின் லிஸ்ட்லயும் இருக்கு, மைக்ரோபயாலஜி லிஸ்ட்லயும் இருக்கு, கம்யூனிட்டி மெடிசின்லயும் இருக்கு. அது போக எங்க காலேஜ் பேரையே 14 விதமா எழுதியிருக்காங்க. ஒருத்தர் ஹாஸ்பிடல் பேரை மட்டும் போட்டிருக்கார், இன்னொருத்தர் டிரஸ்ட் பேரை, ஒரு பி.ஜி. டாக்டர் யூனிவர்சிட்டி பேரை மட்டும் போட்டு காலேஜையே விட்டுட்டார். இதுக்கு நடுவுல ஒரு புரொபசர், காலேஜோட எச்-இன்டெக்ஸ் (20 பேப்பரை ஒவ்வொண்ணையும் 20 தடவையாவது மத்தவங்க மேற்கோள் காட்டியிருந்தா அது 20) போடுங்க, அது போதும்ங்கறார். இந்த வேலை பண்ணவங்க யாராவது இருந்தா வழி சொல்லுங்க, திங்கக்கிழமை குடுக்கணும்.

டேட்டா_கோவை:
சார், நான் ஒரு சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல 9 வருஷமா இதே வேலைதான் பாக்கறேன். முதல்ல பேரை சரி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். சிஎம்சின்னு மட்டும் போட்டுத் தேடினா வேலூரும் வரும், லூதியானாவும் வரும், ரெண்டுமே கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்தான். சென்னை சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பத்துல கீமோதெரபி சென்டர், அப்புறம் டியூபர்குளோசிஸ் ரிசர்ச் சென்டர், இப்ப என்ஐஆர்டி, பழைய பேர்ல தேடலைன்னா அவங்க பண்ணின பெரிய வேலையே உங்க கண்ணுல படாது. அதனால உங்க காலேஜோட அந்த 14 விதப் பேரையும் நடுவுல ஓஆர் (அல்லது) போட்டு ஒரே தேடலாக்குங்க, பப்மெட்லயும் (மருத்துவப் பேப்பர் டேட்டாபேஸ்) தனியா தேடுங்க, எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி டிஓஐ (ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கற தனி அடையாள எண்) வச்சு டூப்ளிகேட் எடுங்க. டிஓஐ இல்லாததை தலைப்பை வச்சு கண்ணாலதான் பாக்கணும், அதுக்கு ரெண்டு நாள் ஆகும், வேற வழி இல்ல.

அடுத்தது, எப்படி எண்றீங்கன்னு பக்கத்து மேலயே எழுதிடுங்க. 10 பேர் எழுதின பேப்பர்ல உங்க ஆளு 2 பேர்னா முழு எண்ணிக்கைல அது 1, பங்குக் கணக்குல 0.2. சும்மா ஒரு வித்தியாசம்னு நெனைக்காதீங்க. 2015ல ஹிக்ஸ் போசான் எடையைப் பத்தி வந்த ஒரு பேப்பர்ல 5,154 பேர் ஆத்தர், முழு எண்ணிக்கைல அதுல பேர் இருக்கற ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டுக்கும் ஒண்ணு ஒண்ணு ஏறும். இன்ஸ்டிட்யூட்களோட பேப்பரை எண்ற நேச்சர் இன்டெக்ஸ், முழு எண்ணிக்கை, பங்குக் கணக்கு ரெண்டையும் தனித்தனியா போடறதுக்கு இதுதான் காரணம்.

எச்-இன்டெக்ஸ் வேண்டாம் சார். 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் தனி ஆளை அளக்கறதுக்கு சொன்னது அது. இன்ஸ்டிட்யூட்டுக்குப் போட்டா பழசும் பெருசும் எப்பவும் மேல நிக்கும், அது இறங்கவே இறங்காது. சைட்டேஷனையும் (மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்காங்கங்கறது) அப்படியே ஒப்பிடாதீங்க, கணிதத்துல ஒரு நல்ல பேப்பருக்கு 5 வருஷத்துல 10 வந்தாலே சந்தோஷப்படுவாங்க, மருத்துவத்துல அதே 10 ரொம்ப சாதாரணம். அதே துறை, அதே வருஷம், அதே வகை பேப்பரோட சராசரிக்கு எத்தனை மடங்குன்னு பாருங்க. யூனிவர்சிட்டிகளுக்கு லைடன் ரேங்கிங் போடறவங்க அந்தந்தத் துறைல டாப் 10 சதவீதத்துல எத்தனை வந்திருக்குன்னு பாக்கறாங்க, எனக்கு அதுதான் நியாயமா படுது.

இன்னொண்ணு, நம்ம சீர்காழி ரங்கநாதன், நூலகவியல் மேதை, 1948லயே லைப்ரமெட்ரின்னு (நூலக வேலையைக் கணக்கு வச்சு அளக்கறது) ஒண்ணு வேணும்னு சொன்னவர். லைப்ரரியன் இந்த வேலை பண்றது பெருமையான விஷயம் சார்.

அரசுமருத்துவர்_தெற்கு:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா மெடிக்கல் காலேஜையும் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டையும் ஒரே டேபிள்ல போடாதீங்கன்னு உங்க டீன்கிட்ட சொல்லுங்க. காலைல 8 மணிக்கு ஓ.பி. ஆரம்பிச்சா எங்களுக்கு மதியம் வரைக்கும் தலை நிமிர முடியாது, அதுக்கப்புறம் வார்டு, கிளாஸ், டூட்டி, பேப்பர் எழுதறது ராத்திரிலதான். 2005லேர்ந்து 2014 வரைக்கும் இந்தியாவுல 579 மருத்துவ நிறுவனங்களை எடுத்து ரே, ஷா, நந்தி மூணு பேரும் 2016ல ஒரு கணக்கு போட்டாங்க. அதுல 332 இடத்துலேர்ந்து ஒரு பேப்பர்கூட வரல, அதாவது 57.3 சதவீதம். வருஷத்துக்கு 100 பேப்பருக்கு மேல போட்டது 25 இடம்தான், மொத்தத்துல 40.3 சதவீதம் அந்த 25 இடத்துலேர்ந்தே வந்துது. படிச்சப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துது, ஏன்னா நோயாளிங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க.

அதுக்கு மருந்தா புரமோஷனுக்கு பேப்பர் வேணும்னு கட்டாயம் பண்ணாங்க, என்ன ஆச்சு? காசு குடுத்தா ரெண்டு வாரத்துல போடற ஜர்னல் பெருகிடுச்சு. 2023ல ஹிந்தாவிங்கற பதிப்பகத்தோட ஜர்னல்கள்லேர்ந்து மட்டும் 8,000 பேப்பருக்கு மேல வாபஸ் வாங்கினாங்க. அதனால உங்க லிஸ்ட்ல அப்படி ரிட்ராக்ட் (வாபஸ்) ஆனது இருக்கான்னு கண்டிப்பா பாத்து எடுத்துடுங்க, யார் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல.

அந்த சேத்துப்பட்டு சென்டர் விஷயத்துக்கு வரேன். 1956ல ஆரம்பிச்சாங்க, 1959ல முதல் ரிசல்ட். 193 நோயாளிங்க, பாதிப் பேர் சானடோரியத்துல (காசநோய்க்காரங்களைத் தங்க வச்சுப் பாக்கற ஆஸ்பத்திரி), பாதிப் பேர் வீட்லயே, அதுவும் நெரிசலான ஏழை வீடுங்க, சரியான சாப்பாடுகூட கிடையாது. ரெண்டு பக்கமும் மாத்திரை ஒண்ணுதான், ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமாயிருந்தாங்க, வீட்ல இருந்த மத்தவங்களுக்கும் அதனால அதிகமா பரவல. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா சானடோரியம்லாம் மூட ஆரம்பிச்சாங்க. உங்க எக்ஸெல்ல அது ஒரு வரி சார், 412ல ஒண்ணு மாதிரி.

அதனால நம்பருக்குக் கீழ ஒரு பத்தி எழுதுங்க, எந்த ஆராய்ச்சியால உங்க ஆஸ்பத்திரில சிகிச்சை மாறிச்சு, எந்தக் கைடுலைன்ல உங்க பேப்பரைக் காட்டியிருக்காங்கன்னு.

நூலகர்_திருச்சி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாலு நாள் உக்காந்து முடிச்சேன். டூப்ளிகேட் போக 538, பங்குக் கணக்குல 291. ரிட்ராக்ட் ஆனது 3 இருந்துது, எடுத்துட்டேன், அதுல ஒண்ணு எனக்கு வேண்டிய டாக்டரோடது, போன் பண்ணி முன்னாடியே சொல்லிட்டேன். சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் டேபிளைத் தூக்கிட்டு எங்க சைஸ்ல இருக்கற 4 மெடிக்கல் காலேஜைப் போட்டேன்.

டாக்டர் சொன்னதுக்கப்புறம் நேத்து வார்டுல சுத்தினேன். ஐசியு நர்ஸ் டேபிள் மேல, எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கேக்குதுன்னு மைக்ரோபயாலஜிக்காரங்க வருஷா வருஷம் எடுக்கற சார்ட் லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கு, ஓரமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு, அவ்ளோ பேர் எடுத்துப் பாத்திருக்காங்க. ஸ்கோபஸ்லயும் இல்ல, பப்மெட்லயும் இல்ல. போட்டோ எடுத்துட்டேன், அந்தப் பக்கத்துலயே கீழ வைக்கப் போறேன். இதை எந்தத் தலைப்புல போடறது, கோவை சார் உங்க இன்ஸ்டிட்யூட் டேபிள்ல இதுக்குன்னு தனி கட்டம் ஏதாவது வச்சிருக்கீங்களா?