புதுப்பிப்பு: மாடியிலிருந்து எறிந்த பந்து ஒருவழியாகத் தரைக்கு வந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, 20 மீட்டர் உயர மாடியிலிருந்து 30 பாகை மேல்நோக்கிய சாய்வில், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து எப்போது தரையைத் தொடும் என்று? வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து கால்குலேட்டர் அடம்பிடித்தது. தப்பு என்னுடையதுதான். மேல்திசையை நேர்க்குறியாக வைத்துவிட்டு, இடப்பெயர்ச்சியை +20 என்று போட்டிருக்கிறேன். பந்து போய்ச் சேர்வது கீழே, அப்போது −20 அல்லவா! செங்குத்து வேகம் 15 (30 × sin 30°), புவியீர்ப்பு முடுக்கம் −9.8 என்று s = ut + ½at² சமன்பாட்டில் போட்டால் 4.07 நொடி. இன்னொரு விடை −1 நொடி. எறிவதற்கு முன்பே விழ முடியாது, அதைத் தள்ளிவிட்டேன். கிடைவேகம் 26 (30 × cos 30°) மாறாது, ஆகவே சுமார் 106 மீட்டர் தள்ளி விழும். காற்றுத்தடை இல்லாவிட்டால்தான், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரக் கடற்கரைக் காற்றில் சந்தேகமே. இங்கே 12ஆம் வகுப்பில் செங்குத்தாக எறிவது மட்டும்தான், அதனால்தான் இந்தத் தடுமாற்றம். முதலில் படம் வரையச் சொன்ன அக்காவுக்கு நன்றி.