மாணவர் ஓவியக் கண்காட்சி, நன்கொடை ஏலம், மேடையில் வேட்பாளர்: எதை முதலில் முடிப்பது?

தூரிகை:
கல்லூரி மாணவர்களின் 60 ஓவியங்கள், மூன்று நாள் கண்காட்சி. தாளில் எழுதிக் கேட்கும் ஏலம் நடக்கும். தொகை ஓர் அறக்கட்டளைக்குப் போகும். பாதிப் படங்கள் போர், அகதிகள், தண்ணீர்ப் பஞ்சம் என்று நடப்பு அரசியலைத் தொடுகின்றன. தேர்தலில் நிற்கும் ஒருவர் திறந்துவைக்க வருகிறேன் என்கிறார். கணக்கு, ஏலம், மேடை இவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும்? படம் மாட்டவும் யோசனை சொல்லுங்கள்.

பேரேடு:
முதலில் காகித வேலை, பிறகுதான் ஆணி. ஒவ்வொரு மாணவரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அதில் தலைப்பு, ஊடகம், அளவு, குறைந்தபட்ச விலை, விற்றால் மாணவருக்கு எத்தனை சதவீதம், விற்காத படத்தை எந்தத் தேதிக்குள் எடுத்துப் போக வேண்டும், சேதமானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

"வருமானம் முழுவதும் நன்கொடை" என்று சுவரொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஏலத்தொகை மொத்தமுமா, வாடகையும் படங்களுக்குச் சட்டகம் போட்ட செலவும் போக மீதியா என்பது அதே வரியில் தெரிய வேண்டும். பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பணம் நேராக அறக்கட்டளையின் கணக்குக்கே போகட்டும்; ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. பல நாட்டு வரிச் சட்டங்கள், பொருளின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை மட்டுமே நன்கொடையாகக் கொள்கின்றன. அதனால் மதிப்பீட்டு விலையையும் பட்டியலில் அச்சிடுங்கள்.

இன்னொன்று, வாங்குபவருக்குப் போவது படம்தான், அதை நகலெடுத்து அச்சிடும் பதிப்புரிமை அல்ல. அறக்கட்டளை அதை நாள்காட்டியில் அச்சிட விரும்பினால் மாணவரிடம் தனி அனுமதி பெற வேண்டும். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் தன் பெயரைக் கோரவும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் கலைஞருக்கு இடமுண்டு. படைப்பாளர் உரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்ந்த பிரிவு அது.

மூன்றாம் மணி:
ஏலத் தாள்தான் உயிர். படத்துக்கு ஒரு தாள். பெயர் எழுத விடாதீர்கள், நுழைவாயிலில் பதிவு செய்து எண் கொடுங்கள். தொடக்கத் தொகை மதிப்பீட்டில் 40 முதல் 50 சதவீதம், ஏற்றம் அதில் பத்தில் ஒரு பங்கு. 1,000, 1,100, 1,200 என்று தொகைகளை முன்பே அச்சிட்டுவிட்டால், வருபவர் பக்கத்தில் தன் எண்ணையும் நேரத்தையும் எழுதினால் போதும். வெறும் தாள் வைத்தால் 1,005 என்று ஏற்றுபவர்கள் வருவார்கள்.

60 தாளையும் ஒரே நேரத்தில் மூடினால் நெரிசலில் தகராறு வரும். இருபது இருபதாக, 15 நிமிட இடைவெளியில் மூடுங்கள். கடைசி எண்ணுக்குக் கீழே கோடு, பொறுப்பாளர் கையெழுத்து, அதன் பிறகே 'விற்றது' என்று காட்டும் சிவப்புப் பொட்டு. வென்றவர் பணம் கட்டாமல் போனால் அழைக்க, அவருக்கு அடுத்த தொகை கேட்டவரின் எண்ணையும் குறித்து வையுங்கள்.

தூக்குமட்டம்:
படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். படச் சட்டகத்தின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி இருபுறமும் வளையம். நடுவில் ஒற்றைக் கொக்கி என்றால் படம் சாய்ந்துகொண்டே இருக்கும். நீர்வண்ணம், காகித மைச் சித்திரங்களுக்கு 50 லக்ஸ் (ஒளியளவு அலகு) ஒளி, எண்ணெய், அக்ரிலிக் படங்களுக்கு 200 லக்ஸ்.

கட்டும்போது குமிழ்த்தாள் வண்ணத்தில் நேராகப் படக் கூடாது. வெப்பத்தில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன் மேல் குமிழ்த்தாள். தடித்துப் பூசிய எண்ணெய் வண்ணம் காய வாரங்கள் ஆகும், விற்ற அன்றே கொடுத்தனுப்ப வேண்டாம்.

நடுமேசை:
வேட்பாளர் ரிப்பன் வெட்டினால் அது பரப்புரை மேடைதான். வேட்பாளரை ஆதரிக்க அறக்கட்டளைகளுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. அமெரிக்க வரிச் சட்டத்தில் இது 1954 முதல் இருக்கிறது. திறந்துவைக்க மூத்த ஆசிரியரோ ஒரு மாணவரோ போதும். வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே வாசகத்தில், பார்வையாளராக வர அழைப்பு அனுப்புங்கள். ஒலிவாங்கி, கட்சிக்கொடி, காசோலையோடு படம் பிடிப்பது எதுவும் வேண்டாம். அவர் ஏலம் கேட்டாலும் மற்றவர்போல எண்ணோடுதான்.

தேர்வு விதிகளை எழுதி, படங்களின் பட்டியலை அச்சுக்கு முன்பே அறக்கட்டளையிடம் காட்டுங்கள். ஏதாவது படத்தின் பணம் வேண்டாம் என்றால் அப்போதே சொல்லட்டும். மாட்டிய பிறகு ஒருவரின் தொலைபேசி அழைப்புக்காக இறக்கினால் அந்த மாணவருக்குச் செய்யும் துரோகம். கேலிச்சித்திரம் இருக்கலாம், ஆனால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை விளக்க அட்டையில் உண்மைபோல எழுதினால் அவதூறு வழக்கு வரும்.

தூரிகை:
ஏலம் தொடங்கியபின் மாணவர் படத்தைத் திரும்பக் கேட்டால்?

பேரேடு:
ஓர் ஏலக் கேட்பு விழுந்துவிட்டால் தரக் கூடாது. திறப்புக்கு முந்தைய நாள் மாலை 5 மணிவரைதான் விலகலாம் என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.