ஆர்க்டிக் கடற்பனி 5 கோடி சதுர கி.மீ. வருகிறது, 2012 சரிவையும் காணவில்லை. யாராவது உதவுங்கள்

வந்தாறுமூலை_மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு காலநிலை மொடலின் கடற்பனித் தரவை இறக்கியிருக்கிறேன். சிஎம்ஐபி 6 தொகுப்பு (உலக நாடுகளின் காலநிலை மொடல்களை ஒப்பிடும் திட்டம்), வரலாற்று ஓட்டம் (கடந்த காலத்தை மொடலில் ஓட்டிப் பார்த்தது), மாதச் சராசரி, ஒரு பாகைக்கு ஒரு பாகை கட்டம். பைத்தானில் 15 வீதத்துக்கு மேல் பனி உள்ள கட்டங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 111 தர 111 சதுர கி.மீ. என்று கணக்கிடுகிறேன். செப்டெம்பருக்கு 5 கோடி சதுர கி.மீ. தாண்டுகிறது. ஆர்க்டிக் பெருங்கடலே சுமார் ஒன்றரைக் கோடிதானே?

இன்னொன்று. செய்மதித் தரவில் 2012 செப்டெம்பர் பாதாளத்துக்கு இறங்குகிறது, 34 இலட்சம்தான். மொடலில் அந்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. மொடலே பிழையா? அடுத்த கிழமை மேற்பார்வையாளருக்குக் காட்டவேண்டும்.

ஒலுவில்காரன்:
தங்கச்சி, முதலாவது சுலபம். 111 தர 111 என்பது நம்முடைய பக்கத்துக்குத்தான் சரி. மட்டக்களப்பில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 110 கி.மீ. அதே ஒரு பாகை 80 பாகை வடக்கில் 19 கி.மீ. தான். அங்கே ஒரு கட்டத்தை ஆறு மடங்கு பெரிதாக எண்ணுகிறீர்கள், துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் மோசம். அகலாங்கின் கோசைனால் பெருக்குங்கள். மொடலின் சொந்தக் கட்டத்தில் உள்ள கோப்பு என்றால் கோசைன் உதவாது. அதில் கட்டங்கள் வளைந்திருக்கும், கட்டப் பரப்புக் கோப்பைத் தனியாக இறக்கித்தான் ஆகவேண்டும்.

பனிச் செறிவு 0–100 ஆ, 0–1 ஆ என்பதையும் ஒருக்கால் பாருங்கள், 15 வீத எல்லையை 15 என்று எழுதுவதா 0.15 என்று எழுதுவதா என்பது அதைப் பொறுத்தது.

வந்தாறுமூலை_மாணவி:
நன்றி அண்ணா! கோசைன் போட்டதும் 1980களுக்கு 70 இலட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. செய்மதிக் கோடும் அங்கேதான் நிற்கிறது. 2012?

பனிக்கணக்கு:
அதற்கு நான் சொல்கிறேன். மொடலில் பிழை இல்லை, அப்படித்தான் இருக்கவேண்டும்.

2012 ஓகஸ்டில் ஆர்க்டிக்கில் பெரிய சூறாவளி ஒன்று அடித்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த பனியை அது உடைத்துக் கலக்கியது. வரலாற்று ஓட்டத்துக்குக் கொடுப்பது பசுமை இல்ல வாயுக்கள், எரிமலைத் துகள்கள், சூரிய ஒளி போன்றவற்றை மட்டும்தான். அன்றன்றைய காற்றை யாரும் கொடுப்பதில்லை, அதை மொடல் தானே உருவாக்கிக்கொள்கிறது. எங்கள் 1978 சூறாவளியையும் எந்த மொடலும் நவம்பர் 23 அன்று மட்டக்களப்பில் கொண்டுவந்து இறக்காது. ஆனால் 1991 பினாட்டுபோ எரிமலைக்குப் பிறகு வந்த குளிர்ச்சி மொடலிலும் அதே வருடங்களில் தெரியும், ஏனென்றால் அந்தத் துகள்கள் உள்ளீட்டில் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை ஆய்வில் கட்டாயம் எழுதுங்கள்.

காலநிலை ஆய்வாளர் ஜெனிஃபர் கே குழுவினர் 2015இல் வெளியிட்ட வேலையைத் தேடிப் படியுங்கள். ஒரே மொடல், ஒரே உள்ளீடு, 30 ஓட்டங்கள். தொடக்கத்தில் காற்று வெப்பநிலையை ஒரு பாகையின் பதினான்காவது தசம இடத்தில் மட்டும் மாற்றினார்கள். அவ்வளவுதான், ஒவ்வொரு ஓட்டமும் தன் வழியில் போனது. எல்லாவற்றிலும் பனி குறைகிறது, ஆனால் எந்த வருடம் சரிகிறது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பரிசோதனை அது.

அதனால் ஒரு ஓட்டத்தோடு நிற்காதீர்கள். அந்த மொடலுக்குக் கிடைக்கிற எல்லா ஓட்டங்களையும் எடுத்து, 1979இலிருந்து ஒவ்வொன்றின் சரிவு வேகத்தையும் கணியுங்கள். செய்மதிக் கோடு அந்தப் பரவலுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

ஒன்று மறந்துவிட்டேன். 34 இலட்சம் என்பது ஒரு நாளின் ஆகக் குறைந்த அளவு. உங்களிடம் இருப்பது மாதச் சராசரி. 2012 செப்டெம்பர் சராசரி சுமார் 36 இலட்சம், அதோடு ஒப்பிடுங்கள்.

வந்தாறுமூலை_மாணவி:
இப்போது விளங்குகிறது, மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: நம்முடைய கரையோரத்துக்கு என்ன தொடர்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கடற்பனி உருகினால் மட்டக்களப்புக் கல்லடியில் கடல் உயருமா?

கல்லடி_புவியியல்:
பிள்ளை, மிதக்கிற பனி உருகிக் கடல்மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். உயர்த்துவது கிரீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் தரைமேல் கிடக்கிற பனி. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. கிரீன்லாந்தின் பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரையக் கரைய அந்த இழுவை குறைந்து, கிரீன்லாந்தை ஒட்டிய கடல் தாழும். எங்களைப் போல் தூரத்தில் உள்ள வெப்பவலயக் கரைகளில் உலகச் சராசரியை விடக் கூடுதலாக ஏறும். முகத்துவாரத்தில் நிற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டிய விஷயம், கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் அதற்குக் கடற்பனிக் கோப்பு போதாது. பனித்தகட்டு (தரைமேல் கிடக்கிற பெரும் பனிப்படலம்) மொடல்களின் தரவு தனியாக இருக்கிறது, அதைத் தேடுங்கள்.