நைட் கார்டு போட்டும் காலையில் தாடை வலிக்கிறது. பல் கடிப்பது எதனால்?

கேள்வி (விடியல்காரன்):

வணக்கம். வயது 34. நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை. ஒரு நாள் போனில் பதிவு செய்து காட்டினாள். கல்லோடு கல் உரசுவது போல ஏழெட்டு தடவை தொடர்ந்து ஒரு சத்தம், சின்ன இடைவெளி, மறுபடியும் அதே சத்தம். கேட்கவே பயமாக இருந்தது.

ஆறு மாதம் முன்பு வெறும் ரொட்டியை மென்றபோது வலது கீழ் கடைவாய்ப்பல்லின் ஓரம் உடைந்தது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறது, இது புரூக்ஸிசம், அதாவது பல் கடிக்கிற பழக்கம் என்றார். அச்சு எடுத்து மேல்வரிசைக்கு நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்கிற உறை, செய்து கொடுத்தார். நான்கு மாதமாக ஒரு இரவு விடாமல் போடுகிறேன்.

சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் காலையில் எழுந்தால் தாடையை இறுக்கிக் கட்டிவைத்தது போல இருக்கிறது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் பத்து மணி வரை வலி. காதும் வலிப்பதால் காது டாக்டரிடம் காட்டினேன், காதில் ஒன்றுமில்லை என்றார். கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கீறல்கள்.

கார்டு வேலை செய்யவில்லையா? தசையைத் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசி போடலாம் என்று ஒருவர் சொல்கிறார், பல்லைத் தேய்த்துக் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்பல்லும் பொருந்துவதை, சரிசெய்யலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். இன்னொரு விஷயம், எட்டு மாதமாக மனப்பதற்றத்துக்கு செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (மெய்ப்பு அக்கா):

தம்பி, எனக்கு இது பதினோரு வருடப் பழக்கம். மூன்று கார்டு பார்த்துவிட்டேன். உங்கள் கார்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்தக் கீறல்கள் எல்லாம் உங்கள் எனாமலில் விழவேண்டியவை. எனாமல் ஒரு தடவை தேய்ந்தால் திரும்ப வளராது, அதனால் கார்டை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது பல்லைத்தான் காக்கும். கடிக்கிற தசை கார்டின் மேலும் அதே பலத்தோடு கடிக்கலாம், அதனால்தான் வலி மிஞ்சுகிறது.

எனக்கு இது புரிய ஐந்து வருடம் ஆனது. ராத்திரியை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் என்ன செய்கிறேன் என்று பார்க்கவே இல்லை.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். நாள் முழுக்கத் திரையில் எழுத்து எழுத்தாகப் பார்க்கிற வேலை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். கண் அதில் படும்போதெல்லாம் பல் சேர்ந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்தேன். முதல் நாள் பதினான்கு தடவை பார்த்ததில் பதினோரு தடவை சேர்ந்திருந்தது. சத்தமே இல்லை, அரைக்கவும் இல்லை. சும்மா இறுக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். மேல்பல்லும் கீழ்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் தொடவேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்கூட வராது. நான் மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தசை சோர்ந்து போகாமல் என்ன செய்யும்?

தாடை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எனக்கு உதவியது நம் எழுத்துதான். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். 'ந்' வேண்டாம், அதில் நாக்கு பல்லைத் தொடும். 'ன்' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற மேட்டில் நிற்கும். நாக்கை அங்கேயே விட்டுவிட்டு உதட்டை மெல்ல மூடுங்கள். பல் தானாகப் பிரிந்து நிற்கும், தாடை தொங்கும். பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் செய்தேன். ஒரு மாதத்தில் தாளில் சேர்ந்த கணக்கு பாதியானது. காலை வலி குறைய மூன்று மாதம் பிடித்தது. ராத்திரி கடிப்பது முழுவதும் நின்றதா என்றால் இல்லை, என் கார்டிலும் புதுக் கீறல் விழுகிறது. ஆனால் நெற்றிப்பொட்டு வலி போய்விட்டது.

வலி அதிகமான நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பேன். அப்புறம் பல்லைக் கடித்தால் காதுக்கு முன்னால் புடைக்கிற இடம் இருக்கிறதே, அதை விரல் நுனியால் வட்டமாக நீவிவிடுவேன். சூயிங்கம்மை விட்டேன், பென்சில் கடிப்பதை விட்டேன், மாலைக் காபியையும் விட்டேன்.

பதில் (பல்வைத்தியன்):

அக்கா சொன்னதை நான் நோயாளிகளுக்குச் சொல்லிக் களைத்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இரண்டு மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்வது வேண்டவே வேண்டாம். கடி சரியில்லாததால்தான் இது வருகிறது என்று முன்பு நினைத்தார்கள். தூக்க ஆய்வுகள் காட்டியது வேறு. தூக்கம் லேசாக இருக்கும்போது மூளை சில நொடிகள் விழிப்பை நோக்கி எழுகிறது, இதயத்துடிப்பு கூடுகிறது, அதன் பிறகுதான் தாடைத் தசை இயங்குகிறது. ஆரம்பம் மூளையில். தேய்த்த பல்லை நாளைக்குத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

செர்ட்ராலினுக்குத் தொடர்பு இருக்கலாம். அந்த வகை மருந்துகளில் செர்ட்ராலின், ஃபுளூவாக்செடின், பராக்செடின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைத் தொடங்கிவைக்கும், ஏற்கெனவே இருப்பதைக் கூட்டியும் விடும். கோரைப்பல் நுனி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அந்த அளவு தேய்வு எட்டு மாதத்தில் வந்துவிடாது. அப்படி இருந்தால் பழக்கம் பழையது, மருந்து அதைக் கூட்டியிருக்கலாம். தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது வேறு மருந்து தருவார், அல்லது கூட ஒன்றைச் சேர்ப்பார்.

குறட்டை உண்டா? மூச்சு முட்டி விழிப்பதுண்டா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் சிலருக்கு மேல்வரிசைக் கார்டு அதைக் கூட்டிவிடும் என்பதால் இதை வற்புறுத்திக் கேட்கிறேன்.

போடாக்ஸ் கடியின் பலத்தைக் குறைக்கும், கடிப்பதை நிறுத்தாது. சில மாதத்தில் பலன் போய்விடும், மறுபடி போடவேண்டும். மற்றதெல்லாம் செய்து பார்த்த பிறகும் வலி தாங்கமுடியவில்லை என்றால் யோசிக்கலாம். கார்டை அடுத்த முறை போகும்போது கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் விழுந்தால் சீவிச் சரிசெய்வார்.

பதில் (கயல் அம்மா):

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஆறு வயதுப் பெண்ணும் கடிக்கிறாள். வயிற்றில் பூச்சி என்கிறார்கள். கார்டு போடவேண்டுமா?

பதில் (பல்வைத்தியன்):

வேண்டாம் அம்மா. பால்பல் விழுந்து முளைக்கிற வயது, கார்டு பொருந்தாது. குழந்தைகளில் இது சகஜம், வளர வளரப் பெரும்பாலும் தானே குறையும். ஆசனவாயில் அரிப்பு இருந்தால் பூச்சிக்கு மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் பூச்சி மருந்தால் பல் கடிப்பது நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா என்று மட்டும் இரண்டு நாள் கவனியுங்கள். இருந்தால் டான்சிலையும், மூக்கின் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விடியல்காரன்:

இருவருக்கும் நன்றி. பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பே கோரைப்பல் தட்டையாகத்தான் இருக்கிறது. குறட்டை இல்லை என்று மனைவி சொல்கிறாள். மனநல மருத்துவரை வியாழக்கிழமை பார்க்கிறேன், மாத்திரையை அதுவரை அப்படியே சாப்பிடுகிறேன்.

அக்கா, பொட்டு ஒட்டிவிட்டேன். காலையிலிருந்து ஒன்பது தடவை பார்த்ததில் எட்டு தடவை சேர்ந்திருந்தது. 'ன்' சொன்னவுடன் காதுக்கு முன்னால் ஏதோ இறங்குவது கைக்கே தெரிகிறது.