முழுநேர பிஎச்.டி, இரண்டாம் ஆண்டு முடிகிறது: உதவித்தொகை, நெறியாளர், பெயரில்லாத 4,000 படங்கள்

பழுப்புத்தாள் (கேள்வி)

வணக்கம். வரலாற்றுத் துறையில் முழுநேர ஆய்வாளர். 2023 ஜூலையில் பதிவு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப் ஃபெலோஷிப் உண்டு. கோர்ஸ் ஒர்க் (தொடக்கப் பாடங்கள்) முடிந்துவிட்டது. தலைப்பு, 1937இல் சேலம் மாவட்டத்தில் வந்த மதுவிலக்கு.

மூன்று சிக்கல்கள். மூன்று மாதமாக ஃபெலோஷிப் வரவில்லை. 60 பக்க இயல் ஒன்று நெறியாளரிடம் இரண்டு மாதமாக இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி எடுத்த சுமார் 4,000 படங்கள் போனில் கிடக்கின்றன, எது எந்தக் கோப்பு என்றே தெரியவில்லை. எதில் கை வைப்பது?

தாழ்வாரம்

முதலில் பணம். மாதாமாதம் உங்கள் பெயரை நிறுவனம் இணையத்தில் உறுதி செய்தால்தான் யுஜிசி பணம் நகரும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: பதிவேற்றுபவர் (மேக்கர்), சரிபார்ப்பவர் (செக்கர்). பெரும்பாலும் இந்த இருவருக்கு நடுவில்தான் நிற்கும். துறை அலுவலகம் கடிதம் அனுப்பியிருக்கும், மேக்கர் ஏற்றியிருப்பார், செக்கர் விடுப்பில் இருப்பார். அதனால் "பணம் வரவில்லை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் மேக்கர் ஏற்றிவிட்டாரா, செக்கர் முடித்துவிட்டாரா" என்று மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் முடிந்திருந்தால் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விடுதி இல்லாமல் வெளியே தங்கினால் வீட்டு வாடகைப்படி உண்டு, அதற்குத் தனிச் சான்று கொடுக்க வேண்டும்.

2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் கிடைக்கும் எஸ்.ஆர்.எஃப் 42,000. நிலுவை மொத்தமாக வரும்போது மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மீதியைத் தொடுங்கள். தாமதம் மறுபடி வரும்.

இதைவிட முக்கியம், பலர் கணக்குப் போடாத ஒரு இடைவெளி. யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டிக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஃபெலோஷிப்போ ஐந்து ஆண்டு அல்லது ஆய்வேடு கொடுக்கும் நாள், எது முன்போ அதுவரைதான். பதிவும் ஃபெலோஷிப்பும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் பணம் 2028 ஜூலையில் நிற்கும், கெடு 2029 ஜூலை. அந்த ஓராண்டு சம்பளமில்லாத ஆண்டு. ஆகவே உங்கள் உண்மையான கெடு 2028 ஜூலை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: கடைசி ஆறு மாதம் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது), அச்சு, கையெழுத்துகளுக்கே போய்விடும். முழு வரைவு 2027 முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும்.

மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு, பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள், அது உரிமை.

நூலடுக்கு

படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதைத் தள்ளிப்போட்டால் மொத்த ஆய்வும் ஆட்டம் காணும்.

அரசாணை எண் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தொடங்கும். "ஜி.ஓ. 1034" என்று மட்டும் குறித்தால் அந்தத் தாளை மறுபடி எடுக்கவே முடியாது. எண், துறை, நாள் மூன்றும் சேர்ந்தால்தான் அடிக்குறிப்பு நிற்கும்.

பழைய படங்களுக்கு வழி: எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். நேரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படத்தில் அது போய்விடும், ஆகவே போனிலிருந்து கம்பி வழியாகவே கணினிக்கு மாற்றுங்கள். காப்பகத்தில் எந்தெந்த நாள் என்ன கேட்டு வாங்கினீர்கள் என்பதற்குக் கோரிக்கைச் சீட்டு நகலோ நோட்டுக் குறிப்போ இருக்கும். அதோடு நேரத்தைப் பொருத்தினால் கட்டுக் கட்டாகப் பிரியும். பிரித்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஃபோல்டர், பெயர் ஆண்டு-துறை-எண் என்ற ஒரே ஒழுங்கில். ஒரு நாளைக்கு 200 படம் என்றால் 20 நாளில் முடிந்துவிடும். படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள், வேலை நின்றுவிடும். இப்போது பெயர் வைப்பது மட்டும்தான்.

இனிமேல் போகும்போது ஒவ்வொரு கோப்பின் முதல் படமும் ஒரு துண்டுத்தாளாக இருக்கட்டும்: துறை, எண், நாள். அடுத்தது கோப்பின் மேலட்டை. அன்று இரவே ஒரு மணி நேரம் ஒதுக்கி எக்செலில் ஒரு கோப்புக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார் யாருக்கு எழுதியது, எதைப் பற்றி, எந்த இயலுக்கு உதவும். ஒரு முழு நாள் காப்பகத்தில் எடுத்தால் அரை நாள் குறிப்பெடுக்க வேண்டும் என்று திட்டமிடுங்கள். இந்த அரை நாளை விட்டவர்களுக்குத்தான் நான்காம் ஆண்டில் எழும்பூர் டிக்கெட் மறுபடி எடுக்க வேண்டி வருகிறது.

நூற்குறிப்பு சேர்க்கும் மென்பொருளான சொட்டேரோ இலவசம்தான், ஆனால் அவர்கள் சேமிப்பிடம் 300 எம்பி. நாலு பெரிய பிடிஎஃபில் நிறைந்து ஒத்திசைவு நின்றுவிடும். நூல் விவரங்களை மட்டும் அதில் ஒத்திசையுங்கள், பிடிஎஃப் கோப்புகளை வேறிடத்தில் வையுங்கள். மொத்தம் மூன்று பிரதி, அதில் ஒன்று ஊரில் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காத ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி என்று எண்ண முடியாது.

மூன்றாம்மாடி

60 பக்கத்தை யாரும் உடனே படிக்க மாட்டார்கள். அதிலிருந்து 10 பக்கம் எடுத்து, அகல இடைவெளி விட்டு அச்செடுத்துக் கொடுங்கள். மேலே மூன்று கேள்வி: இந்த வாதம் நிற்கிறதா, இந்தப் பகுதி இங்கே வரலாமா, எந்தச் சான்று போதவில்லை. "சார், வர்ற வியாழன் பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கவா?" என்று நாள் குறித்துவிடுங்கள்.

சந்திப்பு முடிந்த அன்றே ஐந்து வரி மின்னஞ்சல்: என்ன பேசினோம், நான் என்ன செய்கிறேன், எப்போது தருகிறேன். புகாருக்காக அல்ல, இருவருக்கும் நினைவுக்காக. ஆறு மாதம் கழித்து வேறு திசையில் திருத்தம் வந்தால் மரியாதையாக எடுத்துக் காட்ட இதுதான் உதவும். உங்கள் ஆய்வுக் கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் "இயல் இந்த நாளில் அளிக்கப்பட்டது" என்ற வரி ஏறட்டும்.

பழுப்புத்தாள்

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்.ஆர்.எஃப் மதிப்பீடு வருகிறது. அந்த இயல் திருத்தி வரும்வரை காத்திருக்கலாமா? இரவில் இதையே நினைத்துத் தூக்கமும் போகிறது.

தாழ்வாரம்

காத்திருக்க வேண்டாம். மதிப்பிடுவது நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என மூவர் குழு. வெளி நிபுணரின் தேதி கிடைப்பதுதான் இழுக்கும், அதை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். 10 முதல் 15 பக்க முன்னேற்ற அறிக்கை, பார்த்த கோப்புகளின் பட்டியல், இயல் பிரிப்பு, மீதி வேலைக்கு மாதவாரிக் கால அட்டவணை போதும். நூலடுக்கு சொன்ன எக்செலை அப்படியே பின்னிணைப்பாக வையுங்கள், இரண்டு ஆண்டு உழைப்பு அதில் தெரியும்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் 14416இல் டெலி மானஸை (அரசின் மனநல உதவித் தொலைபேசி) அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

நூலடுக்கு

ஒன்று விட்டுப்போனது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதி ஏதாவது இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஒப்புமைச் சோதனை மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுஜிசியின் 2018 எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் ஒப்புமை 10% வரை தண்டனை இல்லை. மேற்கோள் குறியோடும் அடிக்குறிப்போடும் தந்த அரசாணை வரிகள், நூற்பட்டியல், தொடர்ந்து 14 சொல் வரையிலான ஒற்றுமை ஆகியவை கணக்கில் வராது. நூலகத்தில் சோதிக்கும்போது இந்த விலக்குகளைப் போட்டார்களா என்று அருகில் நின்று பாருங்கள். போடாமல் ஓட்டி 30% வந்து பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.