தாத்தா சதாபிஷேகம் – குடும்பக் குழு

சனிக்கிழமை, செப்டம்பர் 27

ராஜு, காலை 7.40
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 10, புதன், திருக்கடையூர். அறை எத்தனை என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எண்ணிக்கையைப் போடவும்.

மல்லிகா
நாங்கள் 4

நிவி
அம்மா, நான் இன்னும் லீவே கேட்கவில்லை

மல்லிகா
4

சேகர்
அப்பா, அம்மா, நான். கும்பகோணத்திலிருந்து காரில் முதல் நாளே வந்துவிடுவோம்.

ராஜு
வித்யா?

வித்யா, காலை 8.02
அண்ணா, நானும் அவரும் 2. அருண் மட்டும் உறுதி இல்லை. அந்த வாரம்தான் அவனுக்குப் பரீட்சை.

சுமதி
பேரன்கள் எல்லோரும் கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டும் வித்யா. அத்தை இப்போதிருந்தே எண்ணிக்கொண்டு இருக்கிறார்.

ராஜு
யூனிவர்சிட்டியில் ஒரு கடிதம் கொடுத்தால் விடமாட்டார்களா? அப்பாவுக்கு ஆயிரம் பிறை ஒரு தடவைதான். நட்சத்திரத்தை மாற்ற முடியாது.

மல்லிகா
வித்யா டைப் செய்துகொண்டே இருக்கிறாள்

நிவி
5 நிமிடமாக

வித்யா, காலை 8.19
அண்ணா, அண்ணி, அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். போன வருடமே சொல்லியிருக்க வேண்டும். அருண் யூனிவர்சிட்டியில் இல்லை. இங்கே கலிஃபோர்னியாவில், குப்பர்ட்டினோவில் டி ஆன்ஸா காலேஜில் படிக்கிறான். அது கம்யூனிட்டி காலேஜ். நீங்கள் எல்லோரும் போனில் வாழ்த்துச் சொன்னபோது "யூனிவர்சிட்டி" என்று என் வாயில் வந்துவிட்டது, அப்புறம் திருத்த மனம் வரவில்லை. பள்ளி முடிக்கும்போது நாங்கள் சொன்னதைக் கேட்டு எல்லா இடத்துக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் போட்டான். ஒரே இடத்தில் கிடைத்தது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவே இல்லை. அது எங்கள் தவறு. இப்போது நன்றாக இருக்கிறான். டிசைன் படிக்க யூனிவர்சிட்டிக்கு மாறப் போகிறான். அதற்கான முதல் விண்ணப்பத்துக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். அதனால்தான் இந்த வாரம் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

முரளி
சொல்லிவிட்டாயா. சரி.

மல்லிகா
எனக்குக்கூடச் சொல்லவில்லையே

வித்யா
அக்கா, உன்னிடம் சொன்னால் அம்மாவிடம் போய்விடும்.

மல்லிகா
😔

ராஜு
கம்யூனிட்டி காலேஜ் என்றால்? பாலிடெக்னிக் மாதிரியா?

வித்யா, காலை 8.31
இல்லை அண்ணா. கலிஃபோர்னியாவில் அரசாங்கப் படிப்பு மூன்று அடுக்கு. 1960இல் ஒரு திட்டம் போட்டார்கள். மேலே யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலீஸ், டேவிஸ் எல்லாம் அதில் வரும். அடுத்தது ஸ்டேட் யூனிவர்சிட்டிகள், சான் ஹோசே மாதிரி. மூன்றாவது கம்யூனிட்டி காலேஜ். மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம். முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் மேலே போய்ச் சேரலாம். குறுக்கு வழி இல்லை அண்ணா, போட்ட வழியே அதுதான். கடைசியில் கிடைக்கிற பட்டத்தில் யூனிவர்சிட்டி பெயர் மட்டும்தான் இருக்கும். கட்டணமும் கேளுங்கள். இங்கே பாடத்தை யூனிட் கணக்கில்தான் அளப்பார்கள், ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். வருடத்துக்கு 45 யூனிட் எடுத்தாலும் 1,400 டாலருக்குள். மேலே போனால் கல்விக் கட்டணம் மட்டும் 14,000க்கு மேல். தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்தால் 40,000ஐத் தாண்டும். மேலே மாற மொத்தம் 90 யூனிட் வேண்டும். போன வருடம் 45 முடித்துவிட்டான். ஒரு பாடத்தில்கூட பி-க்குக் கீழே வாங்கவில்லை.

ராஜு
சரி. அதை அப்போதே சொல்லியிருக்கலாமே அம்மா.

வித்யா
கார்த்தி ஐஐடியில் சேர்ந்தபோது நீங்கள் ஊரெல்லாம் லட்டு கொடுத்தீர்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை அண்ணா.

சுமதி
அந்த லட்டு சர்க்கரை தூக்கல். சமையல்காரரை மாற்றச் சொன்னேன். இந்தத் தடவையும் அவரேதான் போலிருக்கிறது.

ராஜு
அவர் பந்தி சாப்பாட்டுக்கு நல்லவர். ஒரு இலைக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது.

மல்லிகா
அக்கார அடிசில் சொல்லியிருக்கிறீர்களா அண்ணா? அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்

ராஜு
சர்க்கரைப் பொங்கல் இருக்கிறது

மல்லிகா
அது வேறு இது வேறு

கார்த்தி, காலை 9.05
இப்போதுதான் பார்த்தேன். வித்யா அத்தை, நல்ல செய்தியைப் போய் மறைத்து வைத்திருக்கிறீர்களே. என்னுடன் வேலை செய்கிற இரண்டு பேர் கம்யூனிட்டி காலேஜிலிருந்து போனவர்கள்தான். அருண், எந்த கேம்பஸ்?

அருண், காலை 9.11
வணக்கம் எல்லோருக்கும். நான் பேசினால் போன் டைப் பண்ணும். தப்பு இருந்தால் மன்னிக்கவும். டேவிஸ், கார்த்தி அண்ணா.

சுமதி
நன்றாகத்தானே தமிழ் எழுதுகிறான்!

அருண்
டேக் என்று ஒன்று இருக்கிறது. இடம் உறுதி என்று முன்னாலேயே சொல்லும் விண்ணப்பம். 6 கேம்பஸ் கொடுக்கிறது. ஒன்றுக்குத்தான் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலீஸ், சான் டியேகோ கொடுக்காது. டேவிஸ் கொடுக்கும், அங்கே டிசைன் டிபார்ட்மென்ட்டும் இருக்கிறது.

வித்யா
கேட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் கடைசிவரை இருந்தால்தான் அந்த உறுதி செல்லும். அப்புறம் அக்டோபர், நவம்பரில் பெரிய விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். அதில் மற்ற இடங்களுக்கும் போடலாம். லாஸ் ஏஞ்சலீஸில் டிசைன் மீடியா ஆர்ட்ஸ் இருக்கிறது, அதற்கு அவன் செய்த வேலைகளை எல்லாம் தொகுத்துக் காட்ட வேண்டும். சான் ஹோசே என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாம்.

ராஜு
டிசைன் என்றால் துணி டிசைனா?

அருண்
துணியும் உண்டு பெரிய மாமா. புத்தகம், வீட்டு உள்ளமைப்பு, மியூசியத்தில் பொருளை எப்படி வைப்பது, எல்லாம் அதே டிபார்ட்மென்ட். எனக்குப் பொருள்கள்தான் பிடிக்கும். கையில் பிடிக்கிற பொருள்கள்.

முரளி, காலை 9.24
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டேவிஸ் எனக்குச் சம்மதம். ஃப்ரீமாண்டில் ரயில் ஏறினால் நேராக டேவிஸில் இறங்கலாம். பாடம் விஷயத்தில்தான் பேச்சு. டேக்கை காக்னிட்டிவ் சயின்ஸ், அதாவது மனம் எப்படி வேலை செய்கிறது என்கிற படிப்பு, என்று போட்டுவிட்டு டிசைனை மைனராக, துணைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். வேலை என்று வரும்போது ஒரு பிடிமானம்.

ராஜு
மாப்பிள்ளை சொல்வது சரி

சேகர்
எது சரி?

ராஜு
பிடிமானம்

வித்யா, காலை 9.33
அங்கேதான் சிக்கல் அண்ணா. இது முதல் வருடம் சேர்ந்து நிதானமாக முடிவு செய்கிற படிப்பு இல்லை. மூன்றாம் வருடத்தில் நேராக இறங்குகிறான், கையில் இருப்பது இரண்டே வருடம். கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம் யூனிவர்சிட்டியின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அசிஸ்ட் என்கிற இணையதளத்தில் கேம்பஸ்வாரியாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். டிசைனில் ஸ்டூடியோ வகுப்புகள் படிப்படியாகத்தான் போகும். வரைதல், வண்ணம், தட்டை வடிவம், முப்பரிமாணம், கலை வரலாறு. கீழ்ப்படி முடிக்காமல் மேல்படிக்கு விடமாட்டார்கள். ஒன்று விட்டுப்போனால் ஒரு வருடம் தள்ளிப்போகும், அதற்கும் பணம். இவன் ஐந்து ஸ்டூடியோ வகுப்பு முடித்துவிட்டான். இப்போது பாடத்தை மாற்றினால் அவை யூனிட் எண்ணிக்கைக்கு வருமே தவிர, பாடக் கணக்கில் சேராது. புதிய பாடத்துக்கு வேண்டிய கணக்கும் புள்ளியியலும் ஒன்றும் எடுக்கவில்லை. பிடிமானம் என்று நினைத்து இருப்பதையும் விட்டுவிடுவோம்.

முரளி
அதை நேற்று ராத்திரியும் சொன்னாய்

வித்யா
நேற்று ராத்திரி கேட்கவில்லையே நீங்கள்

நிவி
🙈

சேகர், காலை 9.50
அருண், போன கோடையில் இங்கே இருந்தபோது பாட்டியின் பித்தளைச் சொம்பை வரைந்தாயே, அந்த நோட்டு எங்கே?

அருண்
இருக்கிறது மாமா. 40 பக்கம் ஆகிவிட்டது.

சேகர்
தினமும் காலையில் கிணற்றடியில் பாட்டி சொம்பை எடுக்கிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கழுத்துக்குக் கீழே விரல் நிற்கிற இடம், தண்ணீர் சாய்கிற கோணம். அப்புறம் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். வார்ப்புக்காரர் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்தான். கோயில் நடை சாத்திவிட்டார்கள், அவன் எழுந்திருக்கவில்லை.

கார்த்தி, காலை 10.02
சித்தப்பா, இது தெரியுமா? 1958இல் இந்திய அரசாங்கம் கலிஃபோர்னியாவிலிருந்து சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்புத் தம்பதியை அழைத்து, இந்தியாவில் டிசைன் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. ஊர் ஊராகச் சுற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில், பார்த்த பொருள்களிலேயே ஆகச் சிறந்தது என்ற இடத்தில் அவர்கள் வைத்தது சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, யாருடைய கைக்கு, ஊற்றும்போது எப்படிச் சாயும், இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன சத்தம் வரும் என்று வரிசையாகக் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் 1961இல் அகமதாபாத்தில் என்ஐடி என்கிற தேசிய டிசைன் கல்லூரி வந்தது. ஐஐடி பம்பாயிலேயே 1969இலிருந்து டிசைனுக்குத் தனித் துறை இருக்கிறது அப்பா. நான் படித்த இடத்துக்கு ஒன்றும் குறைந்தது இல்லை.

அருண்
அண்ணா!! சத்தம் பற்றி நான் எழுதவே இல்லை. பாட்டி, சொம்பைத் தவலையில் தட்டி எனக்கு ஒரு ஆடியோ அனுப்புங்கள் 🙏

கும்பகோணம் வீடு
🎤 0:07

மல்லிகா
அம்மா கேட்டவுடனே அனுப்பிவிட்டார். நான் போன வாரம் கேட்ட ஊறுகாய்ப் பக்குவம் இன்னும் வரவில்லை

ராஜு, காலை 10.20
எல்லாம் சரி. வேலை கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேகர், காலை 10.26
1982இல் எழும்பூர் ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை நான் வாங்கிவந்தபோதும் இதே கேள்விதான் அண்ணா. நீயும் அப்பா பக்கத்தில்தான் நின்றாய். பாங்கு வேலை கிடைத்தது, ஓய்வும் பெற்றுவிட்டேன். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. அருண் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியை முதலில் வைக்காதே.

மல்லிகா
சேகர்

ராஜு
அப்போது எனக்கும் சின்ன வயதுதான்டா. வீட்டு நிலைமை அப்படி.

சேகர்
தெரியும்

சுமதி
எல்லோரும் கொஞ்சம் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கும்பகோணம் வீடு, காலை 11.15
சேகர்தான் எழுதுகிறேன். அம்மா குழுவில் வந்ததை எல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டார். அப்பா சொல்வதை அப்படியே போடச் சொன்னார். "அருண் தம்பிக்குத் தாத்தா ஆசீர்வாதம். பரீட்சை எழுதாமல் வர வேண்டாம். பரீட்சை முடிந்து வா, நான் எங்கும் போய்விட மாட்டேன். உன் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டுமா?"

வித்யா, காலை 11.19
வேண்டாம் அப்பா. அவனுக்கு 18 முடிந்துவிட்டது. அவன் கையெழுத்து போதும்.

கும்பகோணம் வீடு
"அப்படியானால் நல்லது" என்கிறார்.

ராஜு, காலை 11.42
சேகர், போனை எடு.

ராஜு
சேகர்

மல்லிகா, மதியம் 12.10
பேசினீர்களா?

ராஜு
பேசினோம்

நிவி
அருண், கடைசிப் பரீட்சை என்றைக்கு?

அருண், மதியம் 12.14
வெள்ளி, 12. அன்று ராத்திரியே கிளம்பினால் இந்தியாவில் 14.

சேகர்
14 வந்தால் வீட்டிலேயே தாத்தாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்று. அப்புறம் நாச்சியார்கோவில். இந்தத் தடவை மண் அச்சு போடுவதிலிருந்து பார்க்கலாம். வார்ப்புக்காரரிடம் சொல்லிவைக்கிறேன்.

சுமதி
ஆனால் பேரன்கள் வரிசையில் ஒருவன் குறைந்தால் அத்தைக்கு மனசு

வித்யா
வகுப்பு ஆசிரியர்களிடம் தேதி மாற்றக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன் அண்ணி. ஸ்டூடியோ வகுப்பில் எழுத்துப் பரீட்சை இல்லை, செய்ததை எல்லோர் முன்னும் வைத்துப் பேச வேண்டும். அதை முன்னாலேயே வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்க வேண்டும். கலை வரலாறு ஒன்றுதான் கஷ்டம்.

முரளி
அருண், டேக் திங்கட்கிழமை சேர்ந்து உட்கார்ந்து அனுப்பலாம்.

அருண்
டிசைன் என்றா அப்பா?

முரளி
திங்கட்கிழமை உட்காரலாம். உன் நோட்டையும் எடுத்து வை. நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

அருண்
👍

ராஜு, மதியம் 12.40
வித்யா, அப்போது 2 என்று போடவா 3 என்று போடவா?

வித்யா
இப்போதைக்கு 2 அண்ணா. இல்லை, 3 போடுங்கள். நாளைக்குச் சொல்கிறேன்.

மல்லிகா
அக்கார அடிசில்?