இதயத் தசை செல்கள் துடிக்கின்றன, முதிரவில்லை: வழி சொல்லுங்கள்

ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை செல் வளர்ப்பவர்கள் யாராவது குழுவில் இருக்கிறீர்களா? என் செல்கள் நன்றாகவே துடிக்கின்றன, ஆனால் சுருங்கும் இழைகளைப் பிடித்து வைக்கும் ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் வரிகள் ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றன, செல்லும் நீளாமல் உருண்டையாகவே நிற்கிறது. முதிர்ந்த செல்லில் அந்த வரிகளுக்கு இடையிலுள்ள சுருங்கும் அலகுகளான சார்க்கோமியர்கள் தளர்ந்த நிலையில் சுமார் 2.2 மைக்ரான் நீளத்தில் ஒரே சீராக அடுக்கியிருக்கும். பக்கத்துச் செல்களை இணைக்கும் கனெக்சின் 43 என்ற புரதமோ, குழந்தை பிறக்கும்போது செல்லின் பக்கங்களிலெல்லாம் சிதறிக் கிடந்து, சில வருடங்கள் கழித்துத்தான் முனைகளுக்கு ஒதுங்குகிறது. அதனால் தட்டில் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை, வரிகளாவது ஒழுங்குக்கு வந்தால் போதும்.

செல்களை முதிர வைக்க, குளுக்கோஸைக் குறைத்துக் கொழுப்பு அமிலம் கொடுப்பதா, தைராய்டு ஹார்மோன் டி3-யோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ப்பதா, மின்தூண்டலா, எதை முதலில் தொடங்கினீர்கள்? எனக்கென்னவோ செல் ஒட்டி வளரும் அடித்தளம்தான் முக்கியம் என்று படுகிறது, பிளாஸ்டிக் ரொம்பக் கடினம், இதயத் திசுவின் விறைப்பு 10 கிலோபாஸ்கல் அளவுதானே. மென்மையான ஜெல்லில் கோடு கோடாகப் புரதம் பதித்து வளர்த்தவர்கள் கோட்டின் அகலம் எவ்வளவு வைத்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதமான ட்ரோபோனின் ஐ கருவடிவத்திலிருந்து இதய வடிவத்துக்கு மாறுவதை மட்டும் வைத்து முதிர்ச்சியை முடிவு செய்யலாமா, செல்சவ்வு உள்நோக்கி மடிந்து உண்டாகும் குழாயான டி-டியூப்யூலையும் பார்த்தே ஆக வேண்டுமா? படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.